எந்த வறட்சி?
ரிச்சர்ட் லெவான்டினின் ‘தி டிரிபிள் ஹீலிக்ஸ்’ நூலை முன்வைத்து

1

ஆறேழு வருடங்களுக்கு முன்பு ஐப்பசி மாதத்தில் ஊருக்குப் போயிருந்தேன். விளாத்திகுளம் பக்கம், கரிசல். எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு உண்டு. அப்பா திண்ணையில் உட்கார்ந்து விதை மல்லியைப் பலகையால் தேய்த்து இரண்டிரண்டாக உடைத்துக்கொண்டிருந்தார். உருண்டையாக ஒரு மல்லி என்று நாம் நினைப்பதற்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. உடைத்து விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். நான் பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். வறட்சியைத் தாங்கும் மரபணுவை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி. இந்த மாதிரிச் செய்தி வருடத்துக்கு நான்கு முறையாவது வரும். ஆனால் அன்றைக்கு அப்பாவிடம் பேச ஒரு விஷயம் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

“அப்பா, இன்னும் பத்து வருசத்துல மழை இல்லாட்டியும் மல்லி வெளையும். அதுக்கான ஜீனைப் புடிச்சிட்டாங்க.”

அவர் தலையைத் தூக்கவில்லை. “எந்தக் காய்ச்சலுக்கு?” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“வெதச்ச ஒடனே காயுறது ஒண்ணு. பூவெடுக்கும்போது காயுறது ஒண்ணு. காய் முத்துனப்பெறவு காஞ்சா அது நல்லதுய்யா, நமக்குத் தேவையே அதுதான். இதுல எந்தக் காய்ச்சலுக்கு மருந்து கண்டுபிடிச்சிருக்கான்?”

செய்தியைத் திரும்பப் படித்தேன். அதில் வறட்சி என்று மட்டும்தான் போட்டிருந்தது. நான் வேலை செய்யும் இடத்தில் யாராவது வந்து “எரர் வருது” என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி “எந்த எரர்?” என்பதுதான். லாக் இல்லாமல் வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். அதே ஆள், உயிரியல் என்று வந்ததும் லாக் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்பதை யோசிக்க வைத்த புத்தகம் இது. மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் எழுதிய ‘தி டிரிபிள் ஹீலிக்ஸ்’.

2

லெவான்டின் 1929இல் பிறந்து 2021இல் இறந்தவர். 1966இல் ஹப்பியுடன் சேர்ந்து, ஒரே இனத்துப் பழ ஈக்களுக்குள் எவ்வளவு மரபு வேறுபாடு ஒளிந்திருக்கிறது என்பதைப் புரதங்களை வைத்து அளந்து காட்டினார். 1972இல் மனிதர்களுக்குள் இருக்கும் மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது, ‘இனங்களுக்கு’ இடையில் இருப்பது சொற்பம் என்று காட்டியவரும் அவர்தான். மரபியலை வெளியே நின்று திட்டியவர் அல்ல. வாழ்நாள் முழுக்க அந்த வேலையைச் செய்துகொண்டே, அதைப் பற்றிப் பேசப்படும் பேச்சோடு சண்டை போட்டவர்.

புத்தகம் சின்னது. மிலான் நகரத்தில் அவர் ஆற்றிய உரைகளிலிருந்து உருவானது. 1998இல் இத்தாலிய மொழியில் வந்து, 2000இல் ஆங்கிலத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வெளியானது. தலைப்பு டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைக் கிண்டல் செய்கிறது. ஜீன், உயிரி, சூழல் என்று மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன, ஒன்றை மட்டும் உருவி எடுத்துக் காட்ட முடியாது என்பது வாதம்.

முதல் அத்தியாயத்திலேயே எனக்கு அடி விழுந்தது. சிட்னி பிரென்னர் ஒரு கூட்டத்தில், ஓர் உயிரியின் முழு டிஎன்ஏ வரிசையும் போதுமான அளவு பெரிய கணினியும் கிடைத்தால் அந்த உயிரியையே கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்று சொன்னதை லெவான்டின் குறிப்பிடுகிறார். முடியாது என்கிறார். உயிரி தன் ஜீன்களிலிருந்து தன்னைக் கணக்கிட்டுக்கொள்வதில்லை. பிறகு பொறுமையாகக் காரணங்களை அடுக்குகிறார்.

எனக்கு வலித்ததன் காரணம் எளிது. நான் பிரென்னர் கட்சி. கணினி படித்த பெரும்பாலானோர் பிரென்னர் கட்சிதான். டிஎன்ஏ என்பது சோர்ஸ் கோட், செல் என்பது கம்பைலர், செடி என்பது ரன் ஆகிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம் என்ற படம், கல்லூரி முதல் வருடத்தில் யாரோ சொல்லி மண்டையில் உட்கார்ந்தது. அது உவமை என்பதே மறந்துபோயிருந்தது. உவமையை உவமை என்று மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் புத்தகத்தின் முதல் முப்பது பக்கங்கள். இதை ஓர் இலக்கிய இதழில் எழுதுவதற்கும் அதுவே காரணம். ஒரு சொல் எப்படி நம் சார்பில் யோசிக்க ஆரம்பிக்கிறது என்பதைக் கவனிப்பது விமர்சனத்தின் வேலை என்றால், லெவான்டின் செய்திருப்பது நல்ல விமர்சனம்.

3

அவர் தரும் மிகச் சிறந்த உதாரணம் ஒரு மூலிகைச் செடி. ஆங்கிலத்தில் அதன் பெயர் யாரோ. (தமிழில் வாசிக்கும்போது இந்தப் பெயருக்கு வரும் கூடுதல் அழகை லெவான்டின் அறிய வாய்ப்பில்லை.) காயத்துக்குப் பற்றுப்போடவும் கஷாயத்துக்கும் ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் புழங்கிய செடி. தாவரவியல் பெயர் அகில்லியா.

கிளாசன், கெக், ஹைசி என்ற மூன்று பேர் கலிஃபோர்னியாவில் செய்த சோதனை அது. 1948இல் வெளியானது. ஒரு யாரோ செடியை எடுத்துத் துண்டுகளாக வெட்டினார்கள். துண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஜீன்தான். ஒரு துண்டைக் கடல்மட்டத்துக்கு அருகே 30 மீட்டர் உயரத்தில் நட்டார்கள். இன்னொன்றை 1,400 மீட்டரில். மூன்றாவதை 3,050 மீட்டரில். இப்படியே பல செடிகளுக்குச் செய்தார்கள். சாதாரணமாக நாம் என்ன எதிர்பார்ப்போம்? அடிவாரத்தில் நன்றாக வளர்ந்த செடி மலையிலும் ஓரளவு நன்றாக வளரும். நோஞ்சான் எங்கே நட்டாலும் நோஞ்சான்.

அப்படி நடக்கவில்லை. அடிவாரத்தில் உயரமாக வளர்ந்த செடி, மலையுச்சியிலும் முன்னால் நின்றது. ஆனால் நடு உயரத்தில் பின்வரிசைக்குப் போய்விட்டது. மற்ற செடிகளின் வரிசையும் இடத்துக்கு இடம் கலைந்தது. ஓர் இடத்தின் தரவரிசையை வைத்து இன்னோர் இடத்தின் தரவரிசையைச் சொல்ல முடியவில்லை. ‘நல்ல ஜீன்’ எது என்ற கேள்விக்கு, எந்த உயரத்தில் என்று சேர்த்துக் கேட்காமல் பதிலே கிடையாது.

இதிலிருந்து லெவான்டின் போகும் இடம் முக்கியமானது. ஒரு குணத்தில் எத்தனை சதவீதம் ஜீன், எத்தனை சதவீதம் சூழல் என்று பிரித்துக் கேட்பதே பல சமயம் அர்த்தமில்லாதது. ஒரு தோசையின் ருசியில் மாவின் பங்கு எத்தனை சதவீதம், கல்லின் சூட்டின் பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? மாவு எவ்வளவு முக்கியம் என்பதே சூட்டைப் பொறுத்து மாறுகிறது.

ஜீனும் சூழலும் சேர்ந்தாலும் கணக்கு முடிவதில்லை என்று இன்னொன்றையும் சேர்க்கிறார். ஒரு பழ ஈயின் உடம்பின் இடதுபுறம் இருக்கும் முடிகளின் எண்ணிக்கையும் வலதுபுறம் இருக்கும் எண்ணிக்கையும் சமமாக இருப்பதில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஜீன், ஒரே வெப்பம், ஒரே ஈரம். ஆனாலும் வேறு. வளர்ச்சியின்போது செல்களுக்குள் நடக்கும் தற்செயல்கள்தான் காரணம். மல்டி-த்ரெட் ப்ரோகிராமில் எந்த த்ரெட் முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும் பக் ஒன்றைத் தேடி இரண்டு வாரம் தூங்காமல் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே கோட், ஒரே இன்புட், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே அவுட்புட் இல்லை.

4

அப்பாவின் கேள்வியை இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்க்கிறேன். லெவான்டினின் இரண்டாம் அத்தியாயம் கிட்டத்தட்ட அதே கேள்விதான். சூழல் என்பது செடிக்கு வெளியே முன்கூட்டியே செய்துவைத்த பெட்டி அல்ல, செடி அதைத் தானும் செய்கிறது என்கிறார். எது தனக்குச் சூழல் என்பதை உயிரியே தேர்ந்தெடுக்கிறது, மாற்றுகிறது, தீர்க்கிறது.

வறட்சியை எடுத்துக்கொள்வோம். வானிலை அறிக்கையில் அது மழைமானி காட்டும் எண். செடிக்கு அப்படி இல்லை. பெரிய இலைகளோடு வேகமாக வளரும் செடி மண்ணின் ஈரத்தைச் சீக்கிரம் குடித்துத் தீர்த்துத் தன் வறட்சியைத் தானே சீக்கிரம் வரவழைத்துக்கொள்கிறது. ஆழமாக வேர் விட்ட செடிக்குப் பக்கத்துச் செடியின் வறட்சி இன்னும் வரவில்லை. அதனால்தான் பயிர் ஆராய்ச்சியில் மூன்று தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். வறட்சி வருவதற்குள் பூத்துக் காய்த்து முடித்துவிடுவது தப்பித்தல். வேரை ஆழமாக்கியோ இலைத்துளைகளை மூடியோ உடம்புக்குள் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது தவிர்த்தல். உடம்புக்குள் நீர் குறைந்த பிறகும் செல்கள் சாகாமல் இருப்பது தாங்குதல். ‘வறட்சியைத் தாங்கும் ஜீன்’ என்று செய்தியில் வரும்போது இந்த மூன்றும் ஒரே மூட்டையில் கட்டப்படுகின்றன.

மல்லியில் இது பளிச்சென்று தெரியும். வெயிலும் காய்ச்சலும் கூடினால் மல்லிச் செடி இலை போடுவதை விட்டுவிட்டுச் சீக்கிரமே தண்டு நீட்டிப் பூவெடுத்துவிடும். விதைக்காக மானாவாரியில் போடும் எங்கள் அப்பாவுக்கு அது ஓரளவு காப்பு. ஈரம் தீர்வதற்குள் செடி காய் பிடித்துவிட்டால் பிழைத்தோம். ஆனால் கிணற்றுப் பாசனத்தில் கட்டுக்கட்டாக இலை அறுத்துச் சந்தைக்கு அனுப்புகிறவருக்கு அதே குணம் முழு நஷ்டம். பூவெடுத்த கொத்தமல்லியை யார் வாங்குவார்கள்? ஒரே ஜீன், ஒரே வெயில். ஒருவருக்கு அது வறட்சியிலிருந்து தப்பிக்கும் திறன், இன்னொருவருக்கு நோய் மாதிரி. நெல், கோதுமை என்றால் விளைச்சல் என்பது தானிய எடை என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். மூலிகை, வாசனைப் பயிர்களில் விளைச்சல் என்ற சொல்லே இலையா, விதையா, எண்ணெயா என்று ஆளுக்கு ஆள் மாறுகிறது. மிதமான நீர்க்குறைவில் துளசி வகைச் செடிகள் பலவற்றில் இலையில் எண்ணெயின் செறிவு கூடலாம், ஆனால் இலையின் எடை குறைந்துவிடும். இது லாபமா நஷ்டமா என்பதை ஜீன் சொல்லாது, வியாபாரிதான் சொல்ல வேண்டும்.

2020இல் மல்லியின் முழு மரபணுத் தொகுதியும் வரிசைப்படுத்தப்பட்டு வெளியானது. 11 ஜோடி குரோமோசோம்கள், இருநூறு கோடிக்கு மேல் எழுத்துகள். பிரென்னர் கேட்ட முதல் பொருள் கையில் இருக்கிறது. பெரிய கணினியும் இருக்கிறது. இந்த ஐப்பசியில் எங்கள் காட்டில் மல்லி எப்படி வரும் என்று அது சொல்லுமா? அந்த இருநூறு கோடி எழுத்துகளில் எங்கள் காட்டு மண் எத்தனை அடி ஆழம் என்பது எழுதப்பட்டிருக்கவில்லை.

மல்லி விஷயத்தில் இன்னொரு பிரபலமான கதையும் உண்டு. கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு மாதிரி நாறுகிறது, அதற்கு ஒரு ஜீன் இருக்கிறது என்று மீம்கள் பார்த்திருப்பீர்கள். 2012இல் வந்த ஓர் ஆய்வு, வாசனை உணரும் ஓஆர்6ஏ2 என்ற மரபணுவுக்கு அருகில் ஒரு தொடர்பைக் கண்டது உண்மை. ஆனால் அதே ஆய்வு, இந்த வெறுப்பில் பரம்பரையின் பங்கு மிகச் சிறியதுதான் என்றும் சொன்னது. மீமில் முதல் பாதி மட்டும் வந்தது.

5

இதுவரை நான் லெவான்டினுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். இனி கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்.

அவர் உதாரணங்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் ஒரு வக்கீல் தெரிகிறார். யாரோவைக் காட்டுகிறார், பழ ஈயின் முடியைக் காட்டுகிறார். எல்லாம் அவர் கட்சிக்குச் சாட்சி சொல்பவை. எதிர்க்கட்சிக்கு ஒரு சாட்சியை நான் கொண்டுவருகிறேன். அதுவும் மூலிகைதான். தைம்.

பிரான்சின் தெற்கே, மோன்பெலியே நகரத்துக்கு வடக்கில் சான் மார்த்தான் தெ லோந்த்ர் என்ற ஊர். அதைச் சுற்றி ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு. அங்கே காட்டுத் தைம் செடிகள் ஆறு விதமாக மணக்கின்றன. பார்க்க ஒரே செடி, ஆனால் ஒன்றில் தைமால், ஒன்றில் கார்வக்ரால், ஒன்றில் லினலூல், ஒன்றில் ஜெரானியால் என்று முதன்மையான எண்ணெய் வேறு வேறு. இந்த மணத்தைத் தீர்மானிப்பவை வரிசையாக அமைந்த சில மரபணு இடங்கள். முதல் இடத்தில் குறிப்பிட்ட வடிவம் இருந்தால் ஜெரானியால், மீதி ஜீன்கள் என்னவாக இருந்தாலும் கவலையில்லை. இல்லையென்றால் அடுத்த இடத்தைப் பார். அங்கும் இல்லையென்றால் அதற்கடுத்தது. எதுவும் இல்லாமல் கடைசிவரை வந்தால் தைமால். நாங்கள் தினமும் எழுதும் இஃப்-எல்ஸ் ஏணி இதுதான். உயிரியல் தன் கைப்பட எனக்கு எழுதிக் கொடுத்த கோட் மாதிரி இருந்தது.

இந்த ஏணிக்கும் வறட்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தைமால், கார்வக்ரால் மணமுள்ள செடிகள் சுற்றியுள்ள கற்பாங்கான, கோடையில் வறண்டு கொதிக்கும் சரிவுகளில் இருக்கின்றன. மற்ற மணங்கள் குளிர்காற்று தேங்கி உறையும் பள்ளத்துக்குள் இருக்கின்றன. இடம் மாற்றி நட்டுப் பார்த்தபோது அவையவை தங்கள் இடத்திலேயே நன்றாகப் பிழைத்தன. ஆக, வறட்சியில் பிழைப்பதற்கும் சில ஜீன்களுக்கும் சுத்தமான உறவு இருக்க முடியும். எல்லாமே சிக்கல், எதையும் பிரித்துச் சொல்ல முடியாது என்ற தொனி லெவான்டினிடம் அடிக்கடி வருகிறது. தைம் அதற்குப் பதில். சில விஷயங்களைப் பிரித்துச் சொல்ல முடியும்.

கோட் உவமைக்கும் கொஞ்சம் நியாயம் செய்ய வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர்கள் அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் டிரெப்1ஏ என்ற ஜீனோடு வேலை செய்தார்கள். வறட்சி, குளிர், உப்பு ஆகியவற்றைத் தாங்க உதவும் பல பாதுகாப்பு ஜீன்களை ஒருசேர எழுப்பிவிடும் ஜீன் அது. அதை எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்தபோது செடி வறட்சியைத் தாங்கியது, ஆனால் நல்ல தண்ணீர் இருக்கும்போதும் குட்டையாகிப்போனது. வீட்டில் திருடன் வரலாம் என்று வருடம் முழுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்கே போகாமல் இருப்பது போல. 1999இல் அதையே, தாக்குதல் வரும்போது மட்டும் ஆன் ஆகும் ஒரு சுவிட்சோடு இணைத்தார்கள். குட்டையாவது பெருமளவு குறைந்தது. வேரியபிளை எப்போதும் ட்ரூ என்று வைக்காமல் ஈவென்ட் வரும்போது மட்டும் மாற்று என்பதுதானே இது? உவமை இங்கே வேலை செய்கிறது. உவமைகள் மீது லெவான்டின் காட்டும் சந்தேகம் சரியானது, ஆனால் எந்த உவமை எவ்வளவு தூரம் வரை தாங்கும் என்று அளந்து சொல்லும் பொறுமை அவரிடம் குறைவு.

மூன்று உரைகளுக்குப் பிறகு சேர்க்கப்பட்ட நான்காவது அத்தியாயம், சரி, அப்படியென்றால் எப்படித்தான் ஆராய்வது என்ற கேள்விக்குப் பதிலாக வருகிறது. அதுதான் புத்தகத்திலேயே பலவீனமான பகுதி. இடித்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு கூடக் கட்டுவதில் இல்லை. நாளைக் காலையில் ஆய்வகத்துக்குப் போகும் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்த்தேன். எதைச் செய்யக்கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் என் சாட்சி தைம் கூண்டிலேயே பிறழ்ந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1970களில் அந்தப் பள்ளத்தாக்கில் எந்த மணம் எங்கே இருந்தது என்று குறித்து வைத்திருந்தார்கள். 2010 வாக்கில் ஜான் தாம்சனும் கூட்டாளிகளும் அதே இடங்களுக்குப் போய்த் திரும்பப் பார்த்தார்கள். தைமால், கார்வக்ரால் செடிகள் முன்பு தலைகாட்டாத இடங்களில் பெருகியிருந்தன. அவற்றைக் கொன்றுகொண்டிருந்தது கோடை அல்ல, குளிர்காலத் தொடக்கத்தில் வரும் கடும் உறைபனி. அந்த உறைபனி வருவது குறைந்துவிட்டது. ஏணி அப்படியேதான் இருக்கிறது, ஒரு வரி கூட மாறவில்லை. எந்தப் படியில் நிற்பது லாபம் என்பது மாறிவிட்டது. கோடையைத் தாங்கும் செடிக்குக் கொடுக்க வேண்டிய விலை குளிர்காலத்தில் இருந்தது, அந்த விலையை வானிலை குறைத்துவிட்டது. சுத்தமான கோட் என்று நான் கொண்டுவந்ததே, யாரோ செடி சொன்னதைத்தான் கடைசியில் சொல்கிறது.

டிரெப்1ஏவும் அப்படித்தான். தொட்டியில் தண்ணீரை நிறுத்தி, சில நாள் கழித்து ஊற்றி, எத்தனை செடி பிழைத்தது என்று எண்ணுவது ஒரு சோதனை. மூன்று மாதம் கரிசலில் நின்று, பாதி ஈரத்தில் காய் பிடிப்பது வேறு சோதனை. இலைத்துளையை மூடிக்கொண்டால் நீர் மிஞ்சும், ஆனால் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயுவும் உள்ளே வர வேண்டும். மூடிக்கொண்ட செடி சாகாது, வளரவும் வளராது. பிழைத்திருத்தலும் விளைதலும் ஒன்றல்ல.

6

இந்தப் புத்தகத்தை நான் செடிகளுக்காக மட்டும் படிக்கவில்லை. படிக்க ஆரம்பித்த சமயத்தில் என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அப்போது நான் இருந்த ஒரு நிறுவனத்தில் புதியவர்களை நேர்காணல் செய்யும் குழுவில் இருந்தேன். ஒரு பையன் வந்தான். எங்கள் பக்கத்து மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி. போர்டில் எழுதச் சொல்லி நாற்பது நிமிடம் கொடுத்தோம். கை நடுங்கியது. ஆங்கிலத்தில் கேட்டதை ஒருமுறை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நானும் அப்படித்தான் செய்தேன். அவன் போன பிறகு கூட இருந்தவர் சொன்னார்: “சில பேருக்கு லாஜிக் ஜீன்லயே இருக்கும் பாஸ். சொல்லிக் குடுத்து வராது.” அவர் எந்தக் குடும்பங்களை மனதில் வைத்துச் சொன்னார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தில் ‘வேண்டாம்’ என்று டிக் செய்து கையெழுத்துப் போட்டேன்.

அவன் உண்மையிலேயே அந்த வேலைக்குத் தகுதி இல்லாதவனாக இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, அதுதான் பிரச்சினை. ஒரே ஓர் உயரத்தில் நட்டு, ஒரே ஒரு முறை அளந்து, வந்த உயரத்தை அவனுடைய ஜீன் என்று எழுதிக்கொண்டோம். 1948இல் ஒரு மூலிகைச் செடிக்குக் கொடுக்கப்பட்ட மூன்று வாய்ப்புகள் அவனுக்குக் கிடைக்கவில்லை.

லெவான்டின் ஏன் உவமைகளோடு இவ்வளவு ஆவேசமாகச் சண்டை போடுகிறார் என்பது எனக்கு இந்த இடத்தில்தான் உறைத்தது. ‘ஜீன்’ என்ற சொல் ஆய்வகத்தில் ஓர் அளவோடு நிற்கிறது. வெளியே வந்ததும் குலம், ரத்தம், வம்சம் என்ற பழைய சொற்களின் சட்டையைப் போட்டுக்கொள்கிறது. நம் ஊரில் அந்தச் சட்டைகள் தைத்துத் தயாராக இருக்கின்றன. அந்த அறையில் பிறப்பைச் சொல்லி ஒருவனை வேண்டாம் என்று சொல்ல என் கூட இருந்தவர் கூச்சப்பட்டிருப்பார். ஜீன் என்று சொல்லும்போது கூச்சம் வரவில்லை, அறிவியல் பேசுகிற தோரணை வந்தது.

அப்பாவை ஞானியாக்கி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். அது நேர்மையாக இருக்காது. மல்லியைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாகக் கேட்ட அதே மனிதர், என் சித்தி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஒரு குடும்பத்தைப் பற்றி, “அவுக ரத்தமே அப்படி, வேண்டாம்” என்றார். எந்த ரத்தம், எந்தக் காலத்தில், யாரோடு என்று அவரும் கேட்கவில்லை. “மல்லிக்குக் கேட்டீங்களே, இதுக்குக் கேக்க மாட்டீங்களா?” என்றேன். “செடியும் மனுசனும் ஒண்ணாய்யா?” என்று எழுந்து போய்விட்டார். செடிக்குக் கொடுத்த மரியாதையை மனுசனுக்கும் கொடுங்கள் என்றுதான் நான் கேட்டேன். அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

7

‘தி டிரிபிள் ஹீலிக்ஸ்’ படிக்கலாமா என்று கேட்டால், கட்டாயம் படிக்கலாம். வெளியாகிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டதால், ஜீன் எடிட்டிங் பற்றியோ இன்றைய வரிசைப்படுத்தும் வேகம் பற்றியோ அதில் எதுவும் இருக்காது. அது ஒரு குறையாக எனக்குத் தோன்றவில்லை. அவர் சண்டை போடுவது கருவியோடு அல்ல, பேச்சோடு. பேச்சு மாறவில்லை. முதல் இரண்டு அத்தியாயங்களை நிதானமாகவும், மூன்றாவதைச் சந்தேகத்தோடும், நான்காவதை எதிர்பார்ப்பு இல்லாமலும் படியுங்கள். உயிரியல் பின்னணி தேவையில்லை. ப்ளஸ் டூவில் படித்த மெண்டலின் பட்டாணி நினைவிருந்தால் போதும்.

படித்த பிறகு உங்களுக்கு வரும் ஆபத்து ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். எதற்கெடுத்தாலும் “எல்லாம் சிக்கலானது” என்று சொல்லிவிட்டு நகரும் பழக்கம். எனக்குச் சில மாதம் இருந்தது. அதைத் தைம் செடிதான் குணப்படுத்தியது. சிக்கல் என்று சொல்வது விடை இல்லை. எந்த இழை எங்கே எதோடு பின்னியிருக்கிறது என்று அந்தப் பள்ளத்தாக்கில் பல பத்தாண்டுகள் குனிந்து முகர்ந்து பார்த்தார்களே, அதுதான் வேலை.

நான் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டேன். இங்கே நேர்காணலில் போர்டில் எழுதும் சுற்றோடு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பி இரண்டு நாள் கழித்து வாங்கும் சுற்று ஒன்றையும் சேர்க்கச் சொல்லிப் போராடி வாங்கினேன். இரண்டு சுற்றிலும் தரவரிசை ஒன்றாக இருப்பதில்லை. எந்தச் சுற்றை நம்புவது என்று ஒவ்வொரு முறையும் சண்டை நடக்கிறது. முன்பு அந்தச் சண்டை நடந்ததே இல்லை.

போன ஐப்பசியில் அப்பாவுக்குப் போன் செய்தபோது மல்லி விதைத்துவிட்டதாகச் சொன்னார். எந்த ரகம் என்று கேட்டேன். ரகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, “வடக்குப் பக்கம் மட்டும் போட்டிருக்கேன், தெக்க மண்ணு மேலாப்புல சுக்கான் தட்டுது, அங்க இது நிக்காது” என்றார். மழை எப்படி என்று கேட்டேன். இதுவரை இரண்டு மழை என்றார்.